டின்னுக்குள் தெரியாது

அவருடைய பெயரை இதில் எழுத மாட்டேன். எழுதினால் யாராவது அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு வீடியோவைத் தேடிப் போவார்கள். லாட்ஜில் நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். ஐம்பதைத் தாண்டியவர். வேலை ரூம் பாய். எத்தனை வயதானாலும் அந்த வேலைக்கு அதுதான் பெயர்.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஏறும் சாலையில் அந்த லாட்ஜ். நான் ரிசப்ஷனில் உட்காரப் போன முதல் மாதமே அவரை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டேன். மாடியில் ஓர் அறையை அப்போதுதான் காலி செய்திருந்தார்கள். போன் சார்ஜரை விட்டுவிட்டோம் என்று கீழே காரிலிருந்து சொன்னார்கள். எடுத்து வரப் போனேன். பால்கனியில் அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். கையில் பழுப்பு நிற பீர் பாட்டில். அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்தார். அடியில் இரண்டு விரல்கடை மிச்சம் இருந்தது. பாட்டிலின் வாயில் உதட்டுச்சாயம் சிவப்பாக ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு வாயில் வைத்துச் சாய்த்தார். உடனே விழுங்கவில்லை. கன்னத்துக்குள் கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருந்தார். பிறகு விழுங்கி, சலவைக்குப் போக வேண்டிய தலையணை உறையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

என்னைப் பார்த்து அவர் பதறவில்லை. சார்ஜர் கட்டில் மேலே கிடக்கிறது என்று கையைக் காட்டினார்.

அன்றைக்கு லாட்ஜ் சமையலறையிலிருந்து வந்த டீயை நான் தொடவில்லை. எனக்கு இயல்பிலேயே அருவருப்பு அதிகம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை கடித்த லட்டின் மிச்சத்தை என் வாயில் வைக்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான். போட்டோவில் அது அப்படியே இருக்கிறது. அப்படிப்பட்டவள், ஊர் பேர் தெரியாதவர்களின் எச்சிலைத் தேடித் தேடிக் குடிக்கும் ஒரு மனிதரோடு ஒரே கூரையின் கீழ் வருஷக்கணக்கில் வேலை பார்த்தேன்.

அவர் குடிகாரர் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். தள்ளாடி ஒருநாளும் பார்த்ததில்லை. டாஸ்மாக் பக்கம் போவதே கிடையாது. விடியுமுன்னே பச்சைத் தண்ணீரில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு தன் ஊரான பள்ளங்கியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். அவர் கழுவிய குளியலறையில் ஒரு முடி கிடக்காது. விருந்தாளிகள் கேட்காமலே வெந்நீர் வைப்பார். எல்லாம் சரி. அறை காலியானதும் அந்தக் கையே மேஜை மேல் எதையாவது துழாவும்.

பீர் மட்டுமல்ல. பாதி கடித்த கேக், தட்டில் ஒட்டிக் காய்ந்த சாஸ், யாரோ முள்கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு விட்ட காளான், எல்லாம் எடுப்பார். ஒரு வெளிநாட்டுத் தம்பதி நீலப் பூஞ்சை படர்ந்த சீஸ் ஒன்றை விட்டுப் போயிருந்தார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் போடச் சொன்னேன். அவர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, நனைந்த செருப்பு வாசம்தான், ஆனால் உள்ளே போனால் பால் இருக்கிறது என்று எனக்கு விளக்கினார். மென்று துப்பிய சூயிங்கத்தை மட்டும் எடுக்க மாட்டார். அதற்காவது அருவருப்புப் படுகிறாரே என்று நினைத்திருந்தேன். அதில் ருசி போயிருக்கும், அதனால்தான் எடுப்பதில்லை என்று அவரே ஒருநாள் சொன்னார்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவருடைய அப்பா அம்மா. அந்தப் பேச்சு அவர் நாக்கில் கொஞ்சம் தங்கியிருந்தது. டீயைத் தேத்தண்ணி என்பார். பாட்டிலைப் போத்தல் என்பார். இந்த விவரம் தெரிந்ததும் எனக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. சின்ன வயதில் பட்ட பசி, பாவம், அதனால்தான் இந்தப் பழக்கம் என்று முடிவு செய்தேன். அருவருப்பைவிடப் பரிதாபம் சுலபம். ஒருநாள் வீட்டிலிருந்து அவருக்கென்று பிரியாணி கட்டிக்கொண்டு வந்தேன். பாதி சாப்பிட்டார். பட்டை கூடிப்போய்விட்டது என்று சொல்லி மீதியை மூடி வைத்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்:

“எனக்குப் பசி இல்ல மேடம். வீட்டுல அவ ஆக்கித்தான் போடுறா. நான் ருசிக்குத்தான் எடுக்குறேன். இந்தச் சாமானெல்லாம் நான் எந்தக் கடையில போயி, என்ன பேரு சொல்லிக் கேப்பேன்?”

அதற்குப் பிறகு பரிதாபமும் போயிற்று. வெறும் அருவருப்பு மட்டும் மிஞ்சியது.

பெங்களூரிலிருந்து வரும் ஐடி பிள்ளைகள் இந்தப் பக்கம் கிடைக்காத பீர்களைக் கொண்டுவர ஆரம்பித்த பிறகுதான் அவருக்குப் பொற்காலம் வந்தது. கார் டிக்கியில் ஐஸ் பெட்டி, அதன் மேல் போர்வை. சின்னச் சின்ன இடங்களில் கைப்பக்குவமாகக் காய்ச்சுவது, பெரிய கம்பெனிச் சரக்கு இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம் இருக்கும். அண்ணனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. படத்தை வைத்துத்தான் அடையாளம். தவளை போட்டதில் ஆரஞ்சுத் தோல் இருக்கிறது, சைக்கிள் போட்டதில் கருகிய காப்பிக்கொட்டை, மீசைக்காரன் வெறும் ஆடம்பரம், உள்ளே கோதுமைக் கஞ்சிதான் என்பார். ஒருமுறை ஒரு பையன் ரிசப்ஷனில் நின்று தன் சினேகிதியிடம் தவளையைப் பற்றி இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தான். ஆரஞ்சுத் தோல் என்று அவனும் சொன்னபோது, வாளியோடு கடந்துபோன அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாசத்தை அவர் எங்கிருந்து பிடித்தார் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் எல்லாம் பாட்டிலில்தான் வந்தது. பிறகு மெல்ல மெல்ல டின்னுக்கு மாறியது. மலைக்குக் கண்ணாடி ஆகாது, உடைந்தால் காட்டுமாட்டின் காலைக் கிழிக்கும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். டின் லேசு, பெட்டியில் அடுக்க வசதி. அண்ணனுக்கு இதில் பெரிய சங்கடம். டின்னில் வருவதுதான் ருசி என்று அவரே ஒப்புக்கொள்வார். வெளிச்சம் படாததால் நேற்றுக் காய்ச்சியதுபோல் இருக்குமாம். வெயிலில் கிடந்த பாட்டில் பீரில் கோழி இறகைப் பொசுக்கிய வாடை வருமாம். ஆனாலும் அவர் பாட்டில் கட்சி. சமையல்காரர் வத்தலக்குண்டுக்காரர், வாயாடி. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு இருவரும் இதைப் பற்றி விவாதம் நடத்துவார்கள்.

“முழுசாக் குடிக்கிறவனுக்கு டின்னு நல்லதுதான். மிச்சம் குடிக்கிறவனுக்குப் போத்தல்தான் தோது” என்றார் அண்ணன் ஒருநாள். “போத்தல்ல உள்ள என்ன கெடக்குன்னு கண்ணுக்குத் தெரியும். டின்னுக்குள்ள தெரியாது, விளங்குதா?”

“ஏலே, நாறச் சோலியப் பாத்துக்கிட்டு அதுக்கு ஒரு ஞாயம் வேற பேசுறியா” என்றார் சமையல்காரர்.

அண்ணன் சொன்னது உண்மை. பிள்ளைகள் டின்னுக்குள் சிகரெட்டை அணைப்பார்கள். டிஷ்யூவைத் திணிப்பார்கள். எலுமிச்சை விதை, வேர்க்கடலைத் தோல், ஒருமுறை ஒட்டுப்பிளாஸ்திரி. ஆட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, கையில் கனம் பார்த்தும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு அவர் ஒரு வழி கண்டார். அந்த வழியைக் கையும் களவுமாகப் பிடித்தவர் சமையல்காரர்.

காலை நேரம். டைனிங் ஹால் நிறைய ஆட்கள். சமையல்காரர் டீ வடிகட்டியைத் தேடி, கிடைக்காமல், மாடிக்கு ஏறிப் போனார். போன வேகத்தில் கத்தல் கேட்டது. நான் ஓடிப் பார்த்தால், அண்ணன் ஒரு கையில் டின், மறுகையில் எவர்சில்வர் டம்ளர், டம்ளரின் மேல் எங்கள் டீ வடிகட்டி. வடிகட்டியில் பழுப்பாக ஊறிய ஒரு சிகரெட் துண்டு. எத்தனை நாளாக என்று சமையல்காரர் கேட்டதற்கு அண்ணன் யோசித்து நேர்மையாகப் பதில் சொல்லப் பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அந்த வாரம் முழுக்க நானும் சமையல்காரரும் வெளியே கடையில்தான் டீ குடித்தோம். விருந்தாளிகள் எங்கள் டீயைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே அண்ணன் சொந்தமாக ஒரு வடிகட்டி வாங்கி, மாறிப்போகாமல் இருக்கப் பிடியில் சிவப்பு நூல் கட்டி, தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்துவிட்டது.

என் மகள் வயிற்றில் இருந்தபோது எனக்குத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. எதை முகர்ந்தாலும் குமட்டல். வீட்டில் மாமியார் கொடுத்தது, டாக்டர் கொடுத்தது எல்லாம் வந்த வழியே திரும்பியது. ரிசப்ஷன் மேஜைக்கடியில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அண்ணன் ஒரு சின்ன ஜாடியை மேஜையில் வைத்தார். பச்சை மிளகுக் கொத்துகளை எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டு ஊற வைத்திருந்தார். கையைக் கழுவினீர்களா என்றுதான் கேட்டேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன் என்று கையை விரித்துக் காட்டினார். ஒரு மணியைக் கடித்தேன். காரமும் புளிப்பும் நாக்கில் சுருக்கென்று ஏறி, வயிறு அடங்கியது. அந்த ஜாடியை வைத்துத்தான் நான் அந்த மாதங்களைக் கடந்தேன். எனக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, என் முகத்தைப் பார்த்தால் நாக்கில் என்ன இருக்கிறது என்று தெரியும் என்றார். அதுவும் எனக்கு லேசாகக் குமட்டியது.

வீடியோ விஷயத்துக்கு வருகிறேன்.

சென்னையிலிருந்து நான்கைந்து பையன்கள் வந்திருந்தார்கள். கல்லூரிக் கடைசி வருஷம். மரியாதையான பிள்ளைகள். என்னை மேடம் என்பார்கள், செருப்பை வாசலில் கழற்றுவார்கள். ஐஸ் பெட்டி நிறைய டின்கள். முதல் நாள் காலையில் அவர்களில் ஒருவன், அறையைக் கூட்ட வந்த அண்ணன் பால்கனியில் தன் வடிகட்டியோடு நிற்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறான். சத்தம் போட்டிருந்தால் போட்டிருக்கலாம். என்னிடம் வந்து புகார் சொல்லியிருந்தால் நானே அண்ணனைத் திட்டியிருப்பேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சாப்பிடப் போகிறோம், அறையைச் சுத்தம் செய்துவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரும் போகவில்லை என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பேர் குளியலறைக்குள் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பால்கனி மேஜையில் டின்கள் வரிசையாக நின்றன. தவளை போட்ட டின்னில் மட்டும் பாதிக்கு மேல் இருந்தது. சூடு தெரியாமல் இருக்க அதை ஐஸில் வைத்து எடுத்திருந்தார்கள்.

அண்ணனுக்கு அந்த வாரம் கடும் ஜலதோஷம். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடிதான் வேலை பார்த்தார். அந்த மூக்கு அடைக்காமல் இருந்திருந்தால் டின்னைக் கையில் எடுத்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும்.

வீடியோவில் முழுதும் இருக்கிறது. அவர் டின்னைத் தூக்கிக் கனம் பார்க்கிறார். டம்ளரில் வடிகட்டுகிறார். வடிகட்டியைத் தட்டிப் பார்க்கிறார். எதுவும் சிக்கவில்லை, சுத்தம் என்று திருப்திப்படுகிறார். ஒரு வாய் எடுக்கிறார். வழக்கம்போலக் கன்னத்துக்குள் அடக்கி வைக்கிறார். முகம் யோசிக்கிறது. தவளைதானே, ஆரஞ்சு எங்கே போயிற்று என்று அந்த முகம் தேடுகிறது. தலையை லேசாகச் சாய்த்து, இன்னும் கொஞ்ச நேரம் நாக்கில் வைத்துத் தேடுகிறது. வீடியோவை எடுத்தவன் அந்த இடத்தில் முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறான். பிறகு சிரிப்புச் சத்தம். அண்ணன் திரும்பிக் குளியலறைக் கதவைப் பார்க்கிறார். அதோடு முடிகிறது.

ஊர் சிரித்தது அந்தத் தேடும் முகத்தைப் பார்த்துத்தான். அதை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடுகிறமாதிரி பாட்டுப் போட்டு, யார் யாரோ அனுப்பினார்கள்.

எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. தோட்டத்துக் குழாயடியில் அவர் குனிந்து நிற்பதைத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாய் கொப்புளிக்கிறார் என்று நினைத்தேன். துணி சோப்பை எடுத்து நாக்கில் தேய்ப்பதைக் கண்டதும் எழுந்து போனேன். நுரையும் எச்சிலும் மோவாயில் வழிந்தன. என்னண்ணே என்றேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தேய்த்தார். என்னைக் கிட்டே வர வேண்டாம் என்று கையால் தடுத்தார்.

மதியம் பையன்கள் அறையைக் காலி செய்தார்கள். ரொம்ப அருமையாக இருந்தது மேடம் என்று ஒருவன் சொன்னான். ஒருவன் காதுவரை சிவந்து போய், என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான். அவன்தான் அந்தக் கூட்டத்தில் மனசாட்சி உள்ளவன் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லாட்ஜுக்கு நல்ல ரிவ்யூ எழுதினார்கள். சுத்தம், அன்பான ஊழியர்கள் என்று இருந்தது.

இரண்டொரு நாளில் டாக்ஸி ஸ்டாண்டில் இருந்த ஒரு டிரைவர் என்னிடம் போனை நீட்டினார். மேடம், இது உங்க ஆளுதானே என்றார். நான் பார்த்துவிட்டு, வாசலில் இருந்த ஹைட்ரேஞ்சியாச் செடிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். எதனால் வாந்தி வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த டம்ளரைப் பார்த்தா, கேட்ட சிரிப்பாலா, போனை நீட்டிய டிரைவரின் உதட்டோரம் துடித்ததைப் பார்த்தா.

முதலாளி மதுரையில் இருந்தார். அவருக்கும் வீடியோ போயிருந்தது. போனில் அவர் முதலில் கேட்டது பெட்ஷீட்டைப் பற்றி. லாட்ஜ் போர்டு எங்கும் தெரியவில்லை, ஆனால் கட்டிலின் ஓரத்தில் நம் பெட்ஷீட் பூப்போட்டது தெரிகிறது, பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான் என்றார். எல்லா அறைக்கும் வேறு நிறத்தில் புது பெட்ஷீட் அனுப்பி வைத்தார். அண்ணனைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அந்தப் பையன்களை என்ன செய்வது என்று நான் கேட்டேன். கஸ்டமர் சங்கதி நமக்கெதுக்கும்மா என்றார்.

நான் அண்ணனிடம் போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். அவர் தன் பையை மடித்துக்கொண்டிருந்தார்.

“என்னன்னு எழுதுவீங்க மேடம்? அவங்க பீர எடுத்துக் குடிச்சேன், அதுல இது இருந்துச்சுன்னா? மொத வரியிலயே நாந்தானே திருடன்.”

மேற்கொண்டு எதுவும் கதைக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பள்ளங்கி பஸ்ஸில் அவர் உட்கார்ந்த சீட்டில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்று சமையல்காரர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று இரண்டு அறைக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு வெளியிலிருந்துதான் வாங்கிக் கொடுத்தேன்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அறையைப் பதிவு செய்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு பையனின் அம்மா. நடந்ததைச் சொன்னேன். நாக்கு கூசினாலும் டின்னில் இருந்தது மூத்திரம் என்று வார்த்தையை விட்டே சொன்னேன். அந்தம்மா அமைதியாகக் கேட்டார். படித்த குரல். பசங்க விளையாட்டாகச் செய்தது, ரொம்பத் தப்பு, நான் கண்டிக்கிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், அந்த வீடியோ இனிமே பரவாம ஏதாவது பண்ண முடியுமா? அதுல என் பையன் குரல் கேக்குது. அவனுக்கு கேம்பஸ் இன்டர்வியூ வர்ற நேரம்.”

அவர் போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது இன்னொன்று கேட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. அந்த ஆளு ஏன் மேடம் அடுத்தவங்க எச்சியக் குடிக்கணும்?”

அதே கேள்வியை நானும் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். ஆனால் அந்த வாயிலிருந்து வந்தபோது அதைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

மழைக்காலம் தாண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பள்ளங்கிக்குப் போனேன். அவருடைய ஸ்வெட்டரும் சாப்பாட்டுக் கேரியரும் லாட்ஜிலேயே இருந்தன. அதைக் கொடுக்கும் சாக்கு. படிப்படியாக இறங்கும் கேரட் பாத்திகளுக்கு நடுவே தகரக் கூரை வீடு. அவர் வெளியே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பாதியாய் இளைத்திருந்தார். சட்டை மட்டும் இஸ்திரி போட்டது. எழுந்து, வாங்க மேடம் என்று சொல்லிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா தோட்டக் கூலி வேலைக்குப் போகிறவர். கையெல்லாம் மண். என்னை ஏற இறங்கப் பார்த்தார். உட்காரச் சொன்னார்.

பேச்சில் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவர்கள் கட்டிக்கொடுத்த மகளின் மாமனார் வீட்டுக்காரர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர்கூட வாங்காமல் திண்டுக்கல்லுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் போன அன்று அந்த அம்மா அவருடைய தட்டையும் டம்ளரையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார். அவருக்குத் தனியாகத்தான் சோறு. அண்ணன் ஏனென்று கேட்கவில்லை. தானே கழுவி, தானே கவிழ்த்து வைத்திருக்கிறார்.

“எனக்கே கொமட்டுச்சுங்க” என்றார் அந்த அம்மா, அவர் முன்னாலேயே. “இத்தன வருசமா இந்தப் பழக்கம் எனக்குத் தெரியவே தெரியாது. எந்த வாயோட என் சோத்தத் தின்னாருன்னு நெனச்சு நெனச்சு ஒமட்டுச்சு. பொறவு பாத்தா, மனுசன் சாப்புடவே இல்ல. உப்புப் போடாத கொழம்ப ஊத்துனேன், ஒண்ணும் சொல்லல. மறுநாளு உப்ப அள்ளிப் போட்டேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல.”

ருசி போய்விட்டது. எதை வாயில் வைத்தாலும் ஒரே ருசிதான், அதே ருசி என்றார் அண்ணன், பூண்டைப் பார்த்துக்கொண்டே. ஆஸ்பத்திரியில் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். மூக்கும் திறந்துதான் இருக்கிறது. வாசம் தெரிகிறது, வாய்க்குள் போனதும் மாறிவிடுகிறது. பிரியாணியில் பட்டை கூடியதைக் கண்டுபிடித்த மனிதர் அதைச் சொன்ன விதத்தில், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது.

வெளியே தட்டையும் டம்ளரையும் தேடினேன். காணோம். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் மற்றப் பாத்திரங்களோடு கலந்து கிடந்தன.

“தெனமும் ஒண்ணு குடுத்துப் பாக்குறேங்க” என்றார் அந்த அம்மா. “நாரத்தங்கா, கருப்பட்டி, சுண்டவத்தல். என்னிக்காவது ஒரு நாளு நாக்கு திரும்பாமலா போயிரும்.”

வீட்டுக்குப் பின்னால் ஒரு பேரி மரம். போய் ஒரு பழத்தைப் பறித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். கருக்கரிவாளால் ஒரு துண்டு அரிந்து எனக்குக் கொடுத்தார். மீதியைத் தான் ஒரு கடி கடித்து, மென்று பார்த்துவிட்டு, கடித்த இடத்தோடு அப்படியே அவரிடம் நீட்டினார். அண்ணன் வாங்கி அதே இடத்தில் கடித்தார். கன்னத்துக்குள் அடக்கி வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பதற்றத்தோடு மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

“கொஞ்சம் புளிப்பு” என்றார்.

மரத்திலேயே பழுத்த பழம். என் துண்டிலிருந்து சாறு மணிக்கட்டுவரை வழிந்தது. தேன்.

“ஆமா, புளிப்புதான்” என்றார் அந்த அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன். அவர் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, அடுத்த கடியைக் கடித்தார்.